சோதனை ஓட்டம்

கோயம்புத்தூரிலிருந்து பிரகதீஸ்
அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தான்.
டிக்கியில் போட மனசு வரவில்லையாம்.
பெரிய ஆமை அளவு, நீல ஓடு,
முதுகில் ஒரு கைப்பிடி.
ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம், ஜிஎஸ்டி சேர்த்து.

தாண்டிக்குடியில் நீச்சல் குளம் வேண்டுமென்று
யாரும் அழவில்லை.
அறை பதிகிற செயலியில்
'குளம் உண்டு' என்ற கட்டத்தைத் தொட்டால்தான்
நம் ஆறு குடிலும் மேலே தெரியும் என்றார்கள்.
வெட்டினோம்.
நாலு வருடத்தில் இறங்கியவர்களைவிட
ஓரத்தில் நின்று படம் எடுத்தவர்கள் அதிகம்.
டிசம்பரில் இறங்கிய மதுரைக்காரர் ஒருவர்
ஏறி வந்து எதுவும் பேசவில்லை,
காப்பி மட்டும் கேட்டார்.

ஆள் வராவிட்டாலும்
சில்வர் ஓக் வந்துவிடும்.
ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் அலுமினியம்,
முதல் நாள் மிதக்கும், மறுநாள் ஊறும்,
மூன்றாம் நாள் அடியில் படுத்துக்கொண்டு
குளத்தையே கடுந்தேநீராக்கப் பார்க்கும்.

காலை ஏழு மணிக்கு மப்ளர் கட்டி
வலைக்கம்போடு வருவார் சவேரி.
கம்பு பதினாறு அடி.
தோளுக்கு ஐம்பத்திரண்டு வயது.
அப்புறம் ஜெனரேட்டருக்கு டீசல்,
மிளகுக் கொடிக்குத் தண்ணீர்,
குரங்குக்குக் கவண்.
அவர் சம்பளத்தில் குளத்தின் பங்கு
மாதம் நாலாயிரத்து ஐநூறு என்று பிரித்தேன்.
வகுத்தேன்: நாற்பத்தொரு மாதம்.
உத்தரவாதம் இருபத்து நாலு.

இறக்கினான்.
குமிழி விட்டுக்கொண்டே மூழ்கி
அடியில் ஒரு கணம் யோசித்தது.
யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல்
சட்டென்று கிளம்பியது.
சுவரில் ஏறி
தண்ணீர்க் கோட்டில் மூச்சு வாங்கிவிட்டு
இறங்கியது.
சமையல்கட்டிலிருந்து வனிதா கரண்டியோடு வந்தாள்,
மூன்றாம் குடில் பிள்ளைகள் ஊஞ்சலை விட்டு வந்தார்கள்.
குளத்தைச் சுற்றி இத்தனை கூட்டம்
திறப்பு விழாவிலும் இல்லை.

படிக்கட்டு மூலையில் மாட்டிக்கொண்டது.
முன்னே, பின்னே, முன்னே, பின்னே.
"போகப் போகக் கத்துக்கும் மேடம்."
சவேரி கம்பை நீட்டி
லேசாக ஒரு தட்டு.
கற்றுக்கொண்டது.

பதினொன்றே காலுக்குக் கரண்ட் போனது.
ஊர் தன் பங்குக்குக் கேட்ட
ஒரே கேள்வி.
பிரகதீஸ் வானத்தைப் பார்த்தான்.
சவேரி கேபிளைப் பிடித்து
கிணற்று வாளிபோல இழுத்துப் போட்டார்.

வடிகட்டிப் பையைத் திறந்தோம்:
இலைக்கூழ், பிள்ளையின் நீலக் கிளிப்,
முழித்துக்கொண்டு ஒரு தவளை,
அதன் கீழே
ஒற்றைக்கல் மூக்குத்தி.

சித்திரையில் தொலைந்தது.
திருப்பூர்க்காரம்மா அழுதபோது
நான் சவேரியின் சட்டைப் பையில்
கை விடவில்லை.
பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டு நின்றேன்.
அவரும் அதைப் பார்த்தார்.

இப்போது அவர் அதை எடுத்து
சட்டையில் துடைத்து
என் உள்ளங்கையில் வைத்தார்.
"வலையில சிக்காதுங்க, ஓட்டை பெருசு."
அவ்வளவுதான்.
தவளையைக் கொண்டுபோய் வேலியோரம் விட்டார்.

வாங்கலாமா என்று கேட்டேன்.
வேறு என்ன கேட்பது?

"வாங்குங்க. தோள் தாங்கல.
கரண்ட் போனா மட்டும்
ஒரு ஆள் இழுக்கணும்."

ஈரத்தோடு அதை மடியில் வைத்து
சீட் பெல்ட் போட்டுக்கொண்டு
வத்தலக்குண்டுப் பக்கம் இறங்கினான் பிரகதீஸ்.
திங்கள்கிழமை கூப்பிட்டான்.
செவ்வாய் கூப்பிட்டான்.
சொல்கிறேன் என்றேன்.

நோட்டில் எழுதினேன்:
மூக்குத்தி, திருப்பூர், கூரியர், நூற்றுப் பத்து.
கீழ்க் கோட்டில் பேனா வைத்து
ஏதோ எழுத வந்தது, என்ன தலைப்பில் என்று தெரியவில்லை.

வெளியே கம்பு சுவரில் சாத்தியிருந்தது,
வழக்கமான இடத்தில் இல்லை,
கொஞ்சம் தள்ளி.